வரியில் இல்லாத நரி

ஒரு பெட்டைக்கோழி பண்ணையைச் சுற்றி உலாவப் போகிறது. சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடுகிறது. 'ரோஸிஸ் வாக்' என்ற படப் புத்தகத்தில் எழுத்தில் உள்ள கதை இவ்வளவுதான். பிரிட்டனைச் சேர்ந்த பேட் ஹட்சின்ஸ் தாமே எழுதி வரைந்த அந்தப் புத்தகம் 1968இல் வெளிவந்தது. முழுப் புத்தகமும் ஒரே வாக்கியம். 32 ஆங்கிலச் சொற்கள். படங்களிலோ, ரோஸி என்ற அந்தக் கோழிக்குப் பின்னால் தொடக்கத்திலிருந்தே ஒரு நரி இருக்கிறது. அது பாயும்போதெல்லாம் ஏதாவதொன்று அதைப் பழிவாங்குகிறது. தரையில் கிடக்கும் வாரியின் பற்களை மிதிக்க, காம்பு எழுந்து மூக்கில் அறைகிறது. குளத்தில் விழுகிறது. வைக்கோல் போருக்குள் அமிழ்கிறது. மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடியே போகிறது. அந்த 32 சொற்களில் 'நரி' என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை.

எழுத்தே தெரியாத நான்கு வயதுக் குழந்தை இந்தப் புத்தகத்தின் முன் உட்காரும்போது நடப்பதைக் கவனித்துப் பார்க்கலாம். பெரியவர் வரியை வாசிக்கிறார். குழந்தையோ வரியில் இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு, "பின்னாடி நரி!" என்று கத்துகிறது. ஒரு பக்கத்தில் நரி பாய்கிறது. அதற்கு நேரப்போகும் ஆபத்தும் அதே படத்தில் தெரிகிறது. அடுத்த பக்கத்தில் சொற்களே இல்லை, விளைவு மட்டும். அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில், தாளைப் புரட்டும் நொடியில், அடுத்து என்ன ஆகும் என்று குழந்தை கணித்துவிடுகிறது. கணிப்பு சரியா தவறா என்பதைப் புத்தகமே உடனே சொல்லிவிடுகிறது. ஆசிரியரின் சிவப்பு மசி அங்கே தேவைப்படுவதில்லை.

மாவு ஆலைப் பக்கம் இன்னும் நுட்பமானது. மூட்டையோடு கட்டியிருக்கும் கயிறு கோழியின் காலில் சிக்கியிருக்கிறது. கோழி நடக்க நடக்கக் கயிறு இழுபடுகிறது, மாவு நரியின் மேல் கொட்டுகிறது. அப்படியானால் கோழிக்கு நரி வருவது தெரியுமா, தெரியாதா? வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா? தெரியாது என்பவர்கள் கோழியின் முகத்தைக் காட்டுவார்கள். அது ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. தெரியும் என்பவர்களும் அதே முகத்தைத்தான் காட்டுவார்கள்; இவ்வளவு நடந்தும் ஒருத்தி திரும்பிப் பார்க்காமல் இருப்பாளா என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் படத்திலிருந்தே சான்று எடுத்தாக வேண்டும். கல்லூரியில் இலக்கியத் திறனாய்வு என்ற பெயரில் நடக்கும் வேலை இது. பாலர் வகுப்பில் தரையில் உட்கார்ந்தபடியே இதைச் செய்ய முடிகிறது.

வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற பிறகு தானாக வந்து சேரும் என்றுதான் பல காலம் பரவலாக நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையை முதலில் உலுக்கியவர்களில் ஒருவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டொலோரஸ் டர்கின். 1970களின் பிற்பகுதியில் அவர் அமெரிக்கப் பள்ளிகளின் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடவேளையில் ஆசிரியர்கள் செய்வதை நிமிடக் கணக்கில் பதிவு செய்தார். 4,469 நிமிடங்கள் கவனித்ததில், புரிந்துகொள்வது எப்படி என்று கற்பிக்கச் செலவானவை 20 நிமிடங்கள். ஆசிரியர்கள் சோம்பேறிகளாக இல்லை. கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள், விடை திருத்தினார்கள். புரிந்ததா என்று ஓயாமல் சோதித்தார்கள். புரியாத பிள்ளைக்குப் புரியவைக்கும் வழியைக் காட்டுவது மட்டும் நடக்கவில்லை.

இந்த நிலைமையைத் தமிழில் உணர ஒரு சிறு பரிசோதனை போதும். கீழே உள்ள இரண்டு வாக்கியங்களில் பல சொற்கள் எந்த அகராதியிலும் கிடைக்காதவை. இந்தக் கட்டுரைக்காகவே புனையப்பட்டவை.

ஒரு தளுவன் தொமரைக் காட்டில் மிருளைக் கொவித்தான். கொவித்த மிருளைச் சிணப்பில் போட்டு வீட்டுக்குத் துரவினான்.

தளுவன் எதைக் கொவித்தான்? மிருளை. எங்கே கொவித்தான்? தொமரைக் காட்டில். எதில் போட்டுத் துரவினான்? சிணப்பில். மூன்றுக்கு மூன்று மதிப்பெண். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டியே வருவதால், கேள்வியில் உள்ள 'எதை', 'எங்கே' என்பவற்றுக்கு விடை வரியிலேயே முத்திரை குத்தப்பட்டதுபோல் தெரிந்துவிடுகிறது. ஒரு பொருளும் புரியாமல் ஒரு பிள்ளை 'பத்தியைப் படித்து விடையளி' பகுதியில் முழு மதிப்பெண் வாங்கலாம். பல பிள்ளைகள் வாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். தளுவன் அதைக் கொவித்தபோது மிருளுக்கு வலித்திருக்குமா என்று கேட்டால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

டர்கினுக்குப் பிறகு வந்த பத்தாண்டுகள் இந்தத் துறையில் மிகவும் விளைச்சலானவை. நன்றாக வாசிப்பவர்கள் வாசிக்கும்போது மனத்துக்குள் என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ந்து, அதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 1984இல் ஆனிமேரி பாலின்க்ஸரும் ஆன் பிரவுனும் வெளியிட்ட ஆய்வு அவற்றில் புகழ்பெற்றது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத நடுநிலைப் பள்ளி மாணவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, நான்கு வேலைகளைப் பழக்கினார்கள்: அடுத்து வருவதைக் கணிப்பது, கேள்வி எழுப்புவது, சுருக்கிச் சொல்வது, புரியாத இடத்தில் நின்று தெளிவுபடுத்திக்கொள்வது. முதலில் ஆசிரியர் உரக்கச் சிந்தித்துக் காட்டுவார். பிறகு மாணவர்கள் ஒவ்வொருவராக ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்து குழுவை நடத்துவார்கள். சில வாரங்களிலேயே அவர்களுடைய புரிதல் கணிசமாக உயர்ந்தது. பொறுப்பு ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் படிப்படியாகக் கைமாற வேண்டும் என்று டேவிட் பியர்சனும் மார்கரெட் கேலகரும் அதற்கு முந்தைய ஆண்டுதான் எழுதியிருந்தார்கள். 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு தன் அறிக்கையில் இத்தகைய உத்திகளுக்குச் சான்று உண்டு என்று ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்த மாணவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள். இன்னும் எழுத்தே பிடிபடாத ஐந்து வயதுப் பிள்ளை அதுவரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதற்கான மிக அழகான சான்று ஒரு தவளையிடமிருந்து வருகிறது. அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969இல் 'ஃப்ராக், வேர் ஆர் யூ?' என்ற சொற்களே இல்லாத சிறு புத்தகத்தை வெளியிட்டார். மொத்தம் 24 படங்கள். ஒரு சிறுவன் கண்ணாடிச் சாடியில் தவளை ஒன்றை வைத்திருக்கிறான். இரவில் அவனும் நாயும் தூங்கும்போது அது வெளியேறிவிடுகிறது. காலையில் எழுந்து தேடத் தொடங்குகிறார்கள். நாய் சாடிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்கிறது. சிறுவன் தரையில் உள்ள வளைக்குள் கூப்பிட்டுப் பார்க்கிறான், மரப்பொந்துக்குள் எட்டிப் பார்க்கிறான். பொந்திலிருந்து ஆந்தை வருகிறது. கிளை என்று நினைத்துப் பிடித்தது மானின் கொம்பாக இருக்கிறது. கடைசியில் குளத்தங்கரையில் தவளை தன் துணையோடும் குஞ்சுகளோடும் உட்கார்ந்திருக்கிறது.

மொழியியலாளர்கள் ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் இந்தப் புத்தகத்தை ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி ஆகிய ஐந்து மொழிகளைப் பேசும் பிள்ளைகளிடம் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார்கள். அந்த ஆய்வுகள் 1994இல் தடித்த நூலாக வந்தன. மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சொன்னார்கள்: இது நாய், இது பையன், இங்கே மரம். ஐந்து வயதில் 'அப்புறம்' என்று ஒன்றோடொன்று கோத்தார்கள். ஒன்பது வயதில்தான் முழுக்கதையும் ஒரே நூலில் நின்றது: வளைக்குள் கூப்பிடுவதும் பொந்தில் எட்டிப் பார்ப்பதும் மரத்தில் ஏறுவதும் எல்லாம் தவளையைத் தேடுவதற்காக. படங்கள் மூன்று வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் ஒன்றே. அவற்றைக் கோக்கும் 'ஏன்' மட்டும் வளர்ந்திருந்தது. புரிதல் என்று பெரியவர்கள் சொல்வதில் பெரும்பகுதி அந்த 'ஏன்'தான். அது எழுத்தறிவுக்காகக் காத்திருக்கவில்லை.

காத்திருக்கவில்லை என்பது மட்டுமன்று, பின்னாளில் எழுத்தை வாசிக்கும்போதும் அது கைகொடுக்கிறது. பனயோட்டா கெண்டியூ, பால் வான் டென் ப்ரூக் ஆகியோரின் குழு நான்கு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட கதையையும் பார்த்த கதையையும் எவ்வளவு புரிந்துகொண்டார்கள் என்பது, எழுத்துக்கூட்டும் திறனிலிருந்து தனியாக நின்று, பின்னாளின் வாசிப்புப் புரிதலைக் கணிக்க உதவியது. எழுத்து ஒரு தடம், புரிதல் இன்னொரு தடம். இரண்டும் சேரும் இடத்தில்தான் வாசிப்பு நடக்கிறது. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இலேயே இதைப் பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: ஒன்று சுழியானால் விடையும் சுழி.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். படம் எப்போதும் புரிதலுக்குத் துணை நிற்பதில்லை; சில சமயம் அதுவே வழி மறிக்கிறது.

இசபெல் பெக், மார்கரெட் மெக்கௌன் என்ற இரு ஆய்வாளர்கள் கதை வாசித்துக் காட்டும் வகுப்புகளைக் கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டதும் பிள்ளைகள் கேட்ட வரிகளை நினைத்துப் பார்க்காமல், படத்தில் கண்டதையோ தங்கள் வீட்டில் நடந்ததையோ சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். 2001இல் அவர்கள் முன்வைத்த முறையில், ஒரு பகுதியை முதலில் வாசித்து, பேசி முடித்த பிறகே படம் காட்டப்படுகிறது. மேரி ஆன் எவன்ஸும் ஜான் செயின்ட்-ஆபினும் 2005இல் கண்ணசைவுக் கருவியை வைத்துப் பார்த்தபோது, பெரியவர் வாசிக்கும்போது மழலைப் பிள்ளைகளின் கண் கிட்டத்தட்ட முழு நேரமும் படத்திலேயே இருந்தது. எழுத்தின் பக்கம் அபூர்வமாகத்தான் போனது. மடியில் வைத்துக் கதை வாசித்தால் எழுத்து தானாகக் கண்ணில் பதியும் என்பது பெற்றோரின் ஆசை. கண் அப்படி வேலை செய்வதில்லை.

அதனால் புத்தகத்தின் குணம் தெரிந்து கையாள வேண்டும். வரி சொல்வதையே படமும் சொன்னால், படம் வெறும் விடைத்தாள் ஆகிவிடும். அங்கே பெக்கும் மெக்கௌனும் சொல்வதுபோல் படத்தைப் பின்னால் காட்டுவது நல்லது. வரி சொல்லாததைப் படம் சொன்னால், அல்லது வரிக்கு எதிராகப் படம் பேசினால், இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரோஸியை முதலில் வரியாகவும் பிறகு படமாகவும் காட்டினால் புத்தகம் செத்துவிடும். நம் பாடநூல்களில் வரும் கதைப்படங்களில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. பாட்டி வடை சுட்டாள் என்ற வரிக்கு மேலே வடை சுடும் பாட்டி இருப்பார். வரைந்தவர் திறமையானவர்தான். அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவே.

இடைவெளி உள்ள படங்கள் பெரிய பிள்ளைகளையும் விட்டுவைப்பதில்லை. பிரிட்டிஷ் ஓவியர் ஆன்டனி பிரௌனின் 'ஜூ' 1992இல் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பையன்கள் விலங்குக்காட்சி சாலைக்குப் போகிறார்கள். மகன் சொல்லும் கதை சாதாரணமாக, கொஞ்சம் சலிப்போடு போகிறது. படங்களில், வேடிக்கை பார்க்க வந்த மனிதர்களின் உடலில் வாலும் குளம்பும் முளைத்துக்கொண்டிருக்கின்றன. எவலின் அரிஸ்பேயும் மோராக் ஸ்டைல்ஸும் நான்கு முதல் பதினொரு வயதுவரையுள்ள பிள்ளைகளோடு இதையும் பிரௌனின் 'தி டனல்' என்ற நூலையும் சடோஷி கிடமுராவின் ஒரு நூலையும் படித்துப் பேசினார்கள். 2003இல் வந்த அவர்களுடைய நூல் முழுவதும் பிள்ளைகளின் பேச்சு நிறைந்திருக்கிறது. எழுத்து வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட சிலர், படத்தை வாசிக்கும்போது முன்னால் வந்து நின்றார்கள். கூண்டுக்குள் இருப்பது யார் என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பினார்கள்.

அப்படிப்பட்ட பேச்சு தானாக நடந்துவிடாது. அதற்கு ஒரு பெரியவர் வேண்டும். அவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் கடினமானது. அபிகெய்ல் ஹௌசனும் பிலிப் யெனவைனும் அருங்காட்சியக ஓவியங்களைப் பார்க்கப் பழக்குவதற்காக உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விகள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், வேறு என்ன தெரிகிறது. இரண்டாவது கேள்விதான் உயிர். "நரி பசியோட இருக்கு" என்று ஒரு பிள்ளை சொல்கிறது. "சரி" என்றால் பேச்சு முடிந்தது. "தப்பு" என்றால் பிள்ளையே முடிந்தது. "எதைப் பார்த்துச் சொல்ற?" என்றால் பிள்ளை மறுபடியும் படத்துக்குப் போகிறது. நாக்கு, கண், வளைந்த முதுகு என்று தேடி எடுத்து வருகிறது. சில சமயம் தேடிப் போன இடத்தில் தன் கருத்தையே மாற்றிக்கொண்டு திரும்புகிறது. விடை சரியாக இருக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தவறும்போது மட்டும் கேட்டால், இது தவறுக்கான சமிக்ஞை என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டிலும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு 1988இல் நியூயார்க் மாநிலத்தில் நடத்திய ஆய்வு சான்று. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சிறு பயிற்சி கொடுத்தார்கள்: வாசித்துக்கொண்டே போகாமல் குழந்தையைச் சொல்ல விடுங்கள், ஆம்-இல்லை கேள்விகளைக் குறைத்து விரித்துச் சொல்ல வைக்கும் கேள்விகளைக் கேளுங்கள், குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்கு வைத்திருந்த குடும்பங்களும் புத்தகம் வாசித்தன, ஆனால் வழக்கமான முறையில். ஒரே மாதத்தில் பயிற்சி பெற்ற குடும்பத்துக் குழந்தைகள் பேச்சு வெளிப்பாட்டில் தெளிவாக முந்தியிருந்தார்கள்.

குழந்தை சொன்னதை நீட்டித் திருப்பிச் சொல்வது தமிழில் இரட்டிப்புப் பயனுள்ளது. வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு என்பதை ஐந்து வயதுப் பிள்ளை பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே உணர்கிறது. புத்தகத்தில் யாரும் 'போவுது', 'வந்துச்சு' என்று பேசுவதில்லை. பிள்ளை, "கோழி பின்னாடியே நரி போவுது டீச்சர், அதுக்குத் தெரியவே இல்ல" என்கிறது. ஆசிரியர், "ஆமா, நரி கோழியைப் பின்தொடர்ந்து போகிறது. கோழி அதைக் கவனிக்கவே இல்லை" என்று திருப்பிச் சொல்கிறார். திருத்தம் என்ற வாடையே இல்லாமல் 'பின்தொடர்ந்து', 'கவனிக்கவே இல்லை' என்ற இரண்டு புத்தகச் சொற்கள், பொருள் ஏற்கெனவே கண்முன் இருக்கும் நேரத்தில், பிள்ளையின் காதில் விழுகின்றன. அகராதிப் பொருள் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். பேச்சுவழக்கில் சொன்னதற்காகப் பிள்ளையை அடக்கும் வகுப்பில் இது நடக்காது. அங்கே பிள்ளை வாயையே திறக்காது.

வழிமறிக்கும் இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. கதை முடிந்ததும், "இந்தக் கதையிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டாய்?" என்று கேட்பது. பஞ்சதந்திரமும் ஈசாப்பும் அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கின்றன. அந்தக் கேள்வி வந்தவுடன் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு ஆசிரியரின் முகத்தை வாசிக்கத் தொடங்குகிறார்கள். அவர் எதிர்பார்க்கும் ஒற்றை வரி எது என்பதே அப்போது அவர்களுக்கு விடுகதை. ரோஸியின் கதைக்கு நீதி ஏதுமில்லை. அதனாலேயே அது வகுப்புக்கு உகந்தது.

இந்தியாவில் இந்த விவாதத்துக்கு அவசரம் இருக்கிறது. கிராமப்புறக் குழந்தைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் அசர் ஆய்வின்படி, அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2022இல் 16.3 சதவீதம், 2024இல் 23.4 சதவீதம். ஏற்றம் உண்மையானது, மகிழ வேண்டியது. ஆனால் அந்தச் சோதனை பிள்ளையால் எழுத்து, சொல், பத்தி, கதை என்று எதுவரை வாசிக்க முடிகிறது என்பதைப் பார்க்கிறது. வாசித்ததிலிருந்து என்ன பெற்றது என்பது வேறு சோதனை. எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளைக்கு முதலில் எழுத்தைத்தான் கற்பிக்க வேண்டும், அதுவும் முறையாக, ஒலியோடு சேர்த்து. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்வது எழுத்தைக் கற்பிக்கும் வழியாகாது. 'மாடு' என்ற சொல்லுக்கு மேலே மாட்டுப் படம் இருப்பதால் 'பசு' என்று வாசிக்கும் பிள்ளையிடம், படத்தை மூடிவிட்டு எழுத்தைக் காட்ட வேண்டும். எழுத்து கற்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே, அதே நாளில், படப் புத்தகத்தோடு பேசும் நேரமும் இருக்க வேண்டும் என்பதுதான் வாதம். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம் என்றால், அந்த 'மற்றது' பல பிள்ளைகளுக்கு வரவே வராது.

தமிழ்நாட்டில் இதற்கான வாய்ப்புகள் முன்பைவிட இப்போது அதிகம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் கதைக்கும் பாட்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு புத்தகங்களை வெளியிட்டது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் இலவசமாக எடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம் 1990களிலிருந்தே தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படப் புத்தகங்களைக் கொண்டுவருகிறது. அங்கிருந்து வந்த, பிரியா குரியன் வரைந்த 'அம்மச்சிஸ் கிளாசஸ்' என்ற சொற்களற்ற புத்தகம் தவளைக் கதைக்கு நம்மூர்ப் பதில் எனலாம்: கேரளத்துப் பாட்டி ஒருவர் காலையில் எழுந்து கண்ணாடியைத் தேடுகிறார், கிடைக்கவில்லை, கண் தெரியாமல் செய்யும் ஒவ்வொரு காரியமும் களேபரமாகிறது. பாட்டி எதை எதுவாக நினைத்துக்கொண்டார் என்று சொல்லச் சொன்னால் போதும், பிறர் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் பயிற்சி பிள்ளைக்குக் கிடைத்துவிடும். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவை, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவாகக் கிடைத்த சோவியத் படப் புத்தகங்கள். பனியே பார்க்காத தமிழ்ப் பிள்ளைகள் அவற்றின் வழியே பனிக்காட்டில் நடந்தார்கள்.

பனிக்காடு என்றதும், உத்திகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கணித்தல், ஊகித்தல், சுருக்குதல் எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் எதைப் பற்றிய புத்தகம் என்பது தெரியாவிட்டால் எந்த உத்தியும் ஓரளவுக்கு மேல் காப்பாற்றாது. 1988இல் டோனா ரெக்டும் லாரன் லெஸ்லியும் நடுநிலைப் பள்ளி மாணவர் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். பேஸ்பால் தெரிந்த 'மோசமான' வாசகர்கள், பேஸ்பால் தெரியாத 'நல்ல' வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாடிவாசல் என்றால் என்ன, திமிலை எவ்வளவு தூரம் பிடித்திருக்க வேண்டும் என்று தெரிந்த அலங்காநல்லூர்ப் பிள்ளைக்கும், அது தெரியாத மாநகரப் பிள்ளைக்கும் ஜல்லிக்கட்டுப் பத்தி ஒன்றைக் கொடுத்தால் இதே முடிவைத்தான் எதிர்பார்க்கலாம். உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் பல ஆண்டுகளாக வலியுறுத்துவது இதையே: உத்திகளைச் சில பாடவேளைகளில் கற்றுவிடலாம், நீட்டித்துப் பயிற்சி கொடுப்பதால் கூடுதல் பலன் அதிகமில்லை, வளர வேண்டியது சொல்வளமும் உலக அறிவும்.

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் இது மறக்கப்பட்டது. இந்த வாரம் கணித்தல், அடுத்த வாரம் ஊகித்தல் என்று உத்திக்கு ஒரு வாரம் ஒதுக்கி, கைக்குக் கிடைத்த கதையை அதற்குச் சாக்காக்கினார்கள். 'கணித்தல்' என்ற தலைப்பில் பயிற்சித்தாள் வந்த நாளில், உத்தி மறுபடியும் டர்கின் பார்த்த அதே சோதனையாகிவிட்டது. நம் பயிற்சி நூல்களும் அதே பாதையில் போகத் தயாராக இருக்கின்றன. புத்தகம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்வதே சரி. ரோஸி கணிக்கச் சொல்கிறது. 'ஜூ' ஐயப்படச் சொல்கிறது. ஏரியும் மதகும் கலங்கலும் படமாக வரும் தகவல் நூல் ஒன்று வந்தால், அது பெயர்களையும் தண்ணீர் போகும் வழியையும் கற்றுக்கொள்ளச் சொல்லும். அந்த மூன்றாம் வகை தமிழில் இன்னும் மிகக் குறைவு. கதைகள் வருகின்றன, மண்ணையும் நீரையும் பூச்சியையும் இயந்திரத்தையும் நல்ல படங்களோடு சொல்லும் புத்தகங்கள் போதவில்லை. பதிப்பாளர்கள் முதலில் நிரப்ப வேண்டிய இடம் இது.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது என ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஸ்காட் பாரிஸும் அலிசன் பாரிஸும் 2003இல் வெளியிட்ட முறை இதற்கு உதவும். சொற்களற்ற புத்தகம் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, முதலில் தானாகப் புரட்டிப் பார்க்கவிட்டு, கதையைச் சொல்லச் சொல்லி, பிறகு சில கேள்விகள் கேட்கிறார்கள். கேள்விகளில் பாதி படத்தில் நேராகத் தெரிபவை. பாதி, தெரிபவற்றைக் கோத்தால் மட்டும் கிடைப்பவை. எழுத்து தெரியாத பிள்ளையின் புரிதலையும் இப்படி அளக்க முடிந்தது. தமிழ் வகுப்பறையில் இதற்குப் பெரிய செலவில்லை. ஜூனில் ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன கதையை ஆசிரியர் தம் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கலாம். பிப்ரவரியில் அதே புத்தகத்தை அதே பிள்ளையிடம் கொடுத்து மறுபடியும் பதிவு செய்யலாம். முதல் பதிவில் எத்தனை 'அப்புறம்', இரண்டாவதில் எத்தனை 'அதனால', 'ஏன்னா', 'அவன் நெனச்சான்' என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆண்டு வகுப்பில் நடந்த பேச்சின் கணக்கு கிடைத்துவிடும்.